முதலில் தண்ணீர், அப்புறம்தான் தீனி

பறவைகளோடு பழக ஆசைப்படுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, என்ன தீனி வைக்கிறீர்கள் என்பதுதான். நான் தண்ணீரில் ஆரம்பிப்பேன். கம்பு, தினை என்று கடையில் வாங்கக்கூடிய பட்டியலை எதிர்பார்த்து வந்தவர்களுக்குச் சப்பென்று ஆகிவிடும். என்றாலும் பாளையங்கோட்டை வெயிலில் ஒரு சின்னத் தோட்டத்தைப் பல வருடமாக வைத்திருந்ததில் எனக்கு உறுதியாகத் தெரிந்த விஷயம் இது. தீனித் தட்டுக்குக் காகமும் மைனாவும் புறாவும் தவிட்டுக்குருவியும் வரும். தண்ணீர்ச் சட்டிக்கு அவையும் வரும். தானியத்தைத் திரும்பிக்கூடப் பார்க்காத தையல்சிட்டும் மாம்பழச்சிட்டும் வரும். மார்கழியில் நீண்ட வாலோடு அரசவால் ஈப்பிடிப்பான் வந்து ஒரு முழுக்குப் போட்டுவிட்டுப் போகும். பூச்சி தின்பதோ, பழம் தின்பதோ, தேன் குடிப்பதோ, எதுவானாலும் தாகம் உண்டு.

தோட்டம் என்று சொன்னாலும் பெரிய இடமில்லை. முன்னால் செம்பருத்தியும் இட்லிப்பூச் செடியும். புறவாசலில் ஒரு கொய்யா, ஒரு முருங்கை, ஒரு மாதுளை, துணி துவைக்கும் கல்லடியில் வாழை. மதிலோரம் பறவை எச்சத்தில் தானாக முளைத்த தேன்பழ மரம். மதிலுக்கு அப்பால் பக்கத்து வீட்டு அண்ணாச்சியின் தென்னைகளும் ஒரு பெரிய வேம்பும். பறவைகளுக்கு மதில் தெரியாது. அவற்றின் கணக்கில் எங்கள் இடமும் அவர் இடமும் சேர்ந்து ஒரே தோட்டம்தான்.

தண்ணீருக்கு அகலமான மண்சட்டியே நல்லது. எவர்சில்வர் பாத்திரம் கத்திரி வெயிலில் கொதித்துப்போகும். மண்சட்டியில் நீர் கசிந்து ஆவியாகிக் குளிர்ச்சி நிற்கும். விளிம்பு சொரசொரப்பாக இருப்பதால் கால் வழுக்காது. ஆழம் முக்கியம். இரண்டு அங்குலத்துக்கு மேல் நீர் நின்றால் சின்னப் பறவைகள் இறங்காது, இறங்கினாலும் ஆபத்து. நடுவில் ஒரு தட்டைக் கல்லைப் போட்டுவிட்டால் தேனீகூட உட்கார்ந்து குடித்துவிட்டுப் போகும். பறவைக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. அலகைத் திறந்து இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். அப்படி இரைக்கும்போது உடம்பிலுள்ள நீர் போய்க்கொண்டே இருக்கும். மே மாதப் பகல் இரண்டு மணிக்கு மாதுளைக்கடியில் மைனாக்கள் வாயைப் பிளந்துகொண்டு நிற்பதைப் பார்த்தால் இந்தச் சட்டியின் அருமை புரியும்.

சட்டியை எங்கே வைப்பது என்பதற்குத்தான் நான் அதிகம் யோசித்தேன். எங்கள் தெருவில் பூனைகள் உண்டு. செடிகளுக்கு நடுவில் வைத்தால் பூனை பதுங்க இடம் கிடைக்கும். நட்ட நடு வெட்டவெளியில் வைத்தால் வல்லூறு பாய்கிறபோது ஓடி ஒளியப் பறவைக்குப் புதர் இருக்காது. மார்பளவு உயரத்தில் ஒரு சிமெண்ட் தூண்மேல் சட்டி, சுற்றிலும் ஆறேழு அடிக்கு வெறும் தரை, அதற்கு அப்பால் அடர்ந்த செம்பருத்தி: எங்கள் வீட்டில் ஒத்துவந்த ஏற்பாடு இதுதான். காலையில் பாதி வெயிலும் பிற்பகலில் முழு நிழலும் விழுகிற இடம்.

சின்னான் குளிப்பதைப் பக்கத்திலிருந்து பார்க்க வேண்டும். கொண்டைக்குருவி என்றும் சொல்வார்கள். கறுத்த தலையும் வாலடியில் சிவப்புத் திட்டுமாக எல்லா ஊரிலும் இருக்கிற பறவை. நேராக வந்து குதிக்காது. முதலில் முருங்கைக் கிளையில் ஒரு இருப்பு. பிறகு செம்பருத்திக்கு இறங்கி நாலு பக்கமும் ஒரு பார்வை. சட்டியின் விளிம்பில் வந்து உட்கார்ந்து அலகை நனைக்கும். தலையைத் தூக்கி விழுங்கும். மறுபடி சுற்றிப் பார்க்கும். அதன் பிறகுதான் கல்லின்மேல் இறங்கும். நெஞ்சை நீரில் அழுத்தி, இரண்டு சிறகையும் படபடவென்று அடித்து, முதுகின்மேல் தண்ணீரை வாரிப் போட்டுக்கொள்ளும்போது சட்டியைச் சுற்றி ஒரு முழத்துக்குத் தரை நனைந்துவிடும். மூன்று நான்கு முறை இப்படி. நனைந்த பறவையால் சரியாகப் பறக்க முடியாது என்பது அதற்கே தெரியும். அதனால் தாழப் பறந்து பக்கத்துச் செம்பருத்திக்குள் போய், இறகு இறகாகக் கோதிக் காயவைத்த பிறகுதான் வெளியே வரும். சட்டிக்கும் புதருக்கும் உள்ள தூரம் ஏன் முக்கியம் என்று எனக்குக் கற்றுக்கொடுத்தது இந்தக் குளியல்தான். தேன்சிட்டு சட்டிக்கு அவ்வளவாக வராது. வாழை இலையில் கையால் நீர் தெளித்துவிட்டால் அந்த இலைமேல் புரண்டு குளிக்கும்.

கொசுவைப் பற்றிக் கேட்பார்கள், நியாயமான கேள்வி. டெங்கு காலத்தில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாக வந்து பாத்திரங்களைச் சோதிக்கிறார்கள். தினமும் காலையில் தண்ணீரைக் கொட்டிச் சட்டியின் உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேய்த்துக் கழுவினால் கொசு வராது. ஏடிஸ் கொசு முட்டைகள் பாத்திரத்தின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும், நீரை மட்டும் மாற்றினால் போகாது. அதனால்தான் தேய்ப்பது. இரண்டு சட்டி வைத்துக்கொண்டால் ஒன்று வெயிலில் கவிழ்ந்து காயும்போது மற்றது வேலை செய்யும்.

இனி தீனி. எங்கள் வீட்டில் இதைத் தொடங்கியவர் என் அத்தை. கணவரின் அம்மாவை அத்தை என்றுதான் எங்கள் பக்கம் கூப்பிடுவோம். உலையிறக்கியதும் முதல் பிடி சோறு காகத்துக்கு. அதற்கு முன் வீட்டில் யாரும் இலையில் உட்கார முடியாது. அமாவாசைக்கு மட்டும் வைக்கிற வீடுகளும் உண்டு, மாட்டுப் பொங்கலன்று மஞ்சள் இலையில் கனுப்பிடி வைக்கிற வீடுகளும் உண்டு. அத்தைக்கு அது தினசரி வழக்கம். நிலைப்படியில் நெற்கதிர்க் குஞ்சம் கட்டித் தொங்கவிடுவதும் அவர் கொண்டுவந்ததுதான். அறுப்புக் காலத்தில் ஊரிலிருந்து கதிர் வரும், சிட்டுக்குருவிகள் தொங்கியபடியே கொத்தித் தின்னும். பறவைக்குத் தீனி வைப்பதை நாம் யாரிடமும் போய்க் கற்றுக்கொள்ள வேண்டியதில்லை. நம் வாசலிலேயே இருக்கிற வழக்கம் அது.

சோறு வைப்பதானால் உப்பில்லாத வெறும் சோறு, ஒரு பிடி, அவ்வளவுதான். கோடையில் உச்சிக்குள் புளித்துவிடும், மீந்ததை எடுத்துவிட வேண்டும். ரொட்டி வேண்டாம், வயிறு நிறையும், சத்து சேராது. சிப்ஸ், மிக்சர், முறுக்கு எல்லாம் உப்பு. சிறிய பறவையின் உடம்பு அவ்வளவு உப்பை வெளியேற்றாது. சாக்லேட்டும் வெண்ணெய்ப்பழமும் விஷம். பூசணம் பிடித்த நிலக்கடலையை எலிக்குக்கூடப் போடக்கூடாது. மழைக்காலத்தில் ஈரம்பட்ட தானியம் ஒரே இரவில் பூத்துவிடும், ஐப்பசி கார்த்திகையில் நான் தானியம் வைப்பதையே பெரும்பாலும் நிறுத்திவிடுவேன். அப்போது தோட்டத்தில் புழு பூச்சிக்கும் குறைவிருக்காது. பச்சரிசி வயிற்றில் ஊதிப் பறவையைக் கொன்றுவிடும் என்று ஒரு பேச்சு உலவுகிறது. அது உண்மையல்ல. வயலில் நெல்லைத் தின்று வாழ்கிற பறவைகளைத் தினமும் பார்க்கிறோம். சென்னை ராயப்பேட்டையில் கேமரா பழுதுபார்க்கும் தொழில் செய்த ஜோசப் சேகர், மொட்டைமாடியில் பலகைகள் அடித்து ஊறவைத்த அரிசியை வரிசையாக வைத்து ஆயிரக்கணக்கான பச்சைக்கிளிகளுக்கு உணவளித்தவர். பார்க்கவே கூட்டம் கூடியது.

அந்த அளவுக்குச் செய்ய அவருடைய உழைப்பும் ஒழுங்கும் வேண்டும். வீட்டுத் தோட்டத்துக்கு நான் சொல்வது கொஞ்சமாக வைப்பதைத்தான். ஒரு கைப்பிடி கம்பும் நொய்யரிசியும், ஒரு மணி நேரத்தில் தீர்ந்துவிடுகிற அளவு. மிஞ்சினால் இரவில் எலி வரும், எலிக்குப் பின்னால் சாரைப்பாம்பு வரும். அள்ளிக் கொட்டினால் மாடப்புறாக்கள் நிரந்தரமாகக் குடியேறும், மற்ற பறவைகள் ஒதுங்கிவிடும், எச்சத்தூள் காற்றில் கலந்து வீட்டிலிருக்கிற வயதானவர்களின் நுரையீரலுக்குக் கேடாகும். மும்பையில் தாதர் புறாத் தீனித் திடல் 2025-ல் மூடப்பட்டபோது பெரிய போராட்டமே நடந்தது. அன்பு இல்லாமல் அந்தப் பிரச்சினை வரவில்லை, அளவு இல்லாமல் வந்தது.

சுத்தமும் அளவோடு சேர்ந்ததுதான். பல பறவைகள் ஒரே தட்டில் அலகு வைக்கும்போது ஒன்றின் நோய் எல்லாவற்றுக்கும் போகிறது. பிரிட்டனில் கிரீன்ஃபின்ச் என்ற சிறு பறவை 2005-க்குப் பிறகு பெருமளவில் குறைந்துபோனதற்கு, தீனித் தட்டுகளில் பரவிய ஒட்டுண்ணித் தொண்டைநோய் காரணம் என்று கண்டறிந்தார்கள். அன்போடு தீனி வைத்த வீடுகள் அவை. அதனால் வாரம் ஒருமுறையாவது தட்டைக் கொதிநீர் ஊற்றிக் கழுவி வெயிலில் காயவைக்கிறேன். உடலைச் சிலிர்த்துக்கொண்டு ஒடுங்கி உட்கார்ந்திருக்கிற பறவையோ, அலகைச் சுற்றிப் புண் கட்டிய பறவையோ கண்ணில் பட்டால் இரண்டு வாரம் தீனியை நிறுத்திவிடுவேன். கூட்டம் கலைந்தால்தான் நோய் நிற்கும்.

பழம் எளிது. கனிந்த வாழைப்பழத்தைத் தோலோடு பாதியாக வெட்டி முருங்கைக் கிளையில் செருகி வைத்தால் சின்னானும் குயிலும் வரும். கொய்யா மரத்தில் உச்சிக் கிளைப் பழங்களை நாங்கள் பறிப்பதில்லை, அவை கிளிக்கும் அணிலுக்கும். தேன்பழ மரம் வருடம் முழுவதும் காய்க்கிறது. அந்த ஒரு மரத்துக்கு வருகிற கூட்டம் எந்தத் தட்டுக்கும் வந்ததில்லை. செம்மார்புக் குக்குறுவான், மாங்குயில், குயில், சின்னான், இரவில் வௌவால். தேன்சிட்டுக்குச் சர்க்கரைத் தண்ணீர் வைக்கலாமா என்று கேட்பார்கள். எதற்கு? நம் வெயிலில் அது சீக்கிரம் புளித்துவிடும், இட்லிப்பூவும் செம்பருத்தியும் முருங்கைப்பூவும் இருக்கிற ஊரில் அதற்குத் தேவையுமில்லை.

காகத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் காகம் வந்தால் மற்ற பறவைகள் வராதே என்று பலர் அதைத் துரத்துகிறார்கள். துரத்த வேண்டாம், தனி இடம் கொடுங்கள். எங்கள் வீட்டில் காகத்துக்கு மொட்டைமாடி, மற்றவற்றுக்குப் புறவாசல். தண்ணீர்ச் சட்டியும் தனி. காகம் தெருவில் கிடைத்த காய்ந்த தோசைத் துண்டு, மீன் முள், எலும்பு எல்லாவற்றையும் கொண்டுவந்து சட்டியில் போட்டு ஊறவைத்துத்தான் தின்னும். ஒரு காகம் கல்லாகிப்போன பன் துண்டை நீரில் முக்கி, அலகால் அழுத்திப் பார்த்து, இன்னும் இளகவில்லை என்று மறுபடி முக்கிக் காத்திருந்ததை மாடிப்படியில் நின்று பார்த்திருக்கிறேன். அவ்வளவு பொறுமையும் கணக்கும் உள்ள உயிர். ஆனால் அந்தச் சட்டியில் அப்புறம் தையல்சிட்டு குடிக்க முடியாது.

காகம் முகத்தை நினைவில் வைத்திருக்கும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். அமெரிக்காவில் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் ஜான் மார்ஸ்லஃபும் அவருடைய குழுவினரும் முகமூடி போட்டுக்கொண்டு காகங்களைப் பிடித்து, பிறகு பறக்கவிட்டார்கள். அந்த முகமூடியை யார் போட்டுக்கொண்டு நடந்தாலும் வருடக்கணக்கில் காகங்கள் சூழ்ந்து கத்தின. பிடிபடாத காகங்களும் சேர்ந்துகொண்டன. அங்குள்ள காகம் வேறு இனம்தான். எங்கள் மாடிக் காகங்களோ, அத்தை படியேறினால் கைப்பிடிச் சுவரிலேயே உட்கார்ந்திருக்கும், விருந்தாளி யாராவது ஏறினால் வேம்புக்குப் போய்விடும். கூடு கட்டும் மாதங்களில் மாடியில் துணி காயப்போடப் போகிறவர்கள் குடை பிடித்துக்கொண்டு போவது நல்லது, குஞ்சு இருக்கிற கூட்டுக்குக் கீழே அத்தைக்கும் சலுகை கிடையாது. அந்தக் கூடுகளில் சிலவற்றில் வளர்வது குயில் குஞ்சு. தன்னளவு வளர்ந்த குயில் குஞ்சுக்குக் காகம் வாயில் ஊட்டுவதை வருடாவருடம் வேம்பில் பார்க்கிறோம்.

ஆனால் தட்டும் சட்டியும் சேர்ந்து பாதி வேலைகூட இல்லை. தேன்சிட்டு தேன் குடிக்கிற பறவைதான். குஞ்சுக்கு அது கொண்டுவருவது சிலந்தியும் சிறு புழுவும். சிட்டுக்குருவி தானியம் தின்கிற பறவைதான். அதன் குஞ்சும் முதல் நாட்களில் புழு தின்றே வளர்கிறது. பூச்சி இல்லாத தோட்டத்தில் எத்தனை கம்பு இறைத்தாலும் கூடு இருக்காது. அதனால் பூச்சிமருந்து அடிப்பதை அடியோடு விட்டுவிட்டோம். முருங்கையில் கம்பளிப்பூச்சி ஏறும்போது கிளையை வெட்டி அப்புறப்படுத்துவோம், மருந்து கிடையாது. கறிவேப்பிலைச் செடியில் பட்டாம்பூச்சிப் புழு இலையைத் தின்றால் தின்னட்டும் என்று விட்டுவிடுவோம். தவிட்டுக்குருவி வந்து அதைப் பார்த்துக்கொள்ளும்.

கொய்யாவுக்கு அடியில் சருகைப் பெருக்குவதில்லை என்றும் முடிவு செய்தோம். அத்தைக்கு இதில் ஒப்புதல் இல்லை. "வீட்டைச் சுற்றிக் குப்பை கிடந்தால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்?" என்றார். "மதிலோரம் மட்டும் கிடக்கட்டும் அத்தை, வாசல் பக்கம் தினமும் பெருக்கிவிடுகிறேன்" என்று சொல்லிப் பார்த்தேன். அவர் மனம் மாறியது என் பேச்சால் அல்ல. தவிட்டுக்குருவிகள் ஏழெட்டு ஒரே கூட்டமாக வந்து சருகை ஒவ்வொன்றாக அலகால் புரட்டிப் போட்டுப் பூச்சி பொறுக்குவதையும், அதில் ஒன்று மட்டும் தின்னாமல் கிளையில் உட்கார்ந்து காவல் காப்பதையும், அது குரல் கொடுத்தவுடன் மொத்தக் கூட்டமும் புதருக்குள் பாய்வதையும் சமையலறை ஜன்னலில் இருந்து அவரே பார்த்தார். இப்போது அந்தப் பக்கம் விளக்குமாறு எடுத்துக்கொண்டு யாராவது போனால் தடுப்பவர் அவர்தான்.

அந்தச் சருகுக்குத்தான் ஒரு ஐப்பசியில் ஆறுமணிக்குருவி வந்து தங்கியது. வடக்கே இமயமலை அடிவாரத்திலும் மத்திய இந்தியாவிலும் கூடு கட்டிவிட்டுக் குளிர்காலத்துக்குத் தெற்கே வருகிற பறவை. காலையும் மாலையும் ஆறு மணி வாக்கில் இரட்டைச் சீழ்க்கை அடிப்பதால் அந்தப் பெயர். பச்சை முதுகு, வயிற்றடியில் குங்குமச் சிவப்பு, கண்ணைத் தாண்டிப் போகும் கறுப்புப் பட்டை, கட்டை வால். இரவில் பறந்து வருவதால் களைத்து வீட்டுச் சுவரிலும் கண்ணாடியிலும் மோதி விழுவது எல்லா ஊரிலும் நடக்கிறது. அப்படி விழுந்த பறவையைக் கையில் வைத்துத் தடவிக் கொடுக்கக்கூடாது, வாயில் தண்ணீர் ஊற்றக்கூடாது. பறவைக்கு மூச்சுக்குழலின் வாய் நாக்குக்குச் சற்றுப் பின்னாலேயே திறந்திருக்கிறது; நாம் ஊற்றுகிற சொட்டு நேரே நுரையீரலுக்குப் போகும். காற்றுத்துளை போட்ட அட்டைப்பெட்டியில் துணி விரித்து, மூடி, சத்தமில்லாத இருட்டில் ஓரிரண்டு மணி நேரம் வைத்தால் பெரும்பாலும் தெளிந்துவிடும். தெளியாவிட்டாலோ சிறகு தொங்கினாலோ வனத்துறைக்குச் சொல்ல வேண்டும். எங்கள் ஜன்னல் கண்ணாடிகளில் வெளிப்பக்கமாக இரண்டு அங்குல இடைவெளியில் வெள்ளைப் புள்ளிகள் வைத்திருக்கிறோம், மோதல் நின்றுவிட்டது. ஸ்கூட்டர் கண்ணாடிக்கும் துணிப்பை மாட்டி வைக்கிறோம். தன் பிம்பத்தை எதிரி என்று நினைத்து நாள் முழுவதும் கொத்திக் களைத்துப்போகிற பறவைகள் உண்டு.

கூடுகளைப் பற்றி எழுத ஆரம்பித்தால் முடியாது. ஒன்றை மட்டும் சொல்கிறேன். தேன்சிட்டு ஒன்று எங்கள் துணிக்கொடியிலேயே கூடு கட்டியது. பெண் பறவைதான் கட்டும். ஒரு சிலந்திவலையை இழுத்துக் கொடியில் சுற்றி, அதில் மரப்பட்டைத் துணுக்கு, காய்ந்த புல், புழுவின் எச்சம் என்று ஒட்டிக்கொண்டே வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் காற்றில் வந்து மாட்டிக்கொண்ட குப்பையைப் போலத்தான் இருக்கும், அதுதான் அதற்குப் பாதுகாப்பு. பக்கவாட்டில் வாசல், வாசலுக்கு மேல் மழைக்குச் சின்னத் தாழ்வாரம். உள்ளே பஞ்சு. அடைகாக்கும் இரண்டு வாரமும் அந்த வளைந்த அலகு மட்டும் வாசலில் தெரியும். துணிகளை மாடிக்கு மாற்றிவிட்டோம். கொடிக்குப் பக்கத்தில் நடக்கலாம், நிற்கக்கூடாது என்று வீட்டில் பேசிக்கொண்டோம். நடந்து போகிறவர்களை அது பொருட்படுத்தாது; ஒருவர் நின்று உற்றுப் பார்த்தால் உடனே வெளியேறிவிடும். படம் எடுக்கப் போகிறவர்கள் அருகே நிற்கும் ஒவ்வொரு நிமிடமும் குஞ்சுகளுக்கு ஒரு வேளை தவறுகிறது, காகத்துக்கும் கூடு இருக்கிற இடம் தெரிந்துவிடுகிறது.

மே, ஜூனில் தெருப் பிள்ளைகள் குஞ்சுகளைக் கையில் ஏந்திக்கொண்டு வருவார்கள். இறகு முளைத்துத் தத்தித் தத்திப் போகிற குஞ்சானால் அது தொலைந்த குஞ்சு அல்ல, பறக்கப் பழகுகிற குஞ்சு. எடுத்த இடத்துக்கே கொண்டுபோய் அங்குள்ள செடியில் உயரமாக உட்காரவைத்துவிட்டு விலகி நின்றால் தாய் வந்து ஊட்டும். இறகில்லாத குஞ்சானால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனிதன் தொட்டால் தாய் சேர்க்காது என்பது தவறான நம்பிக்கை. கூடு பிய்ந்திருந்தால் தேங்காய்ச் சிரட்டையின் அடியில் துளையிட்டு, நார் பரப்பி, அதே கிளையில் கட்டிவிடலாம். பால் கொடுக்கக்கூடாது, பறவைக்குச் செரிக்காது. நானே வளர்க்கிறேன் என்று ஆசைப்படுகிற பிள்ளையிடம் பொறுமையாகச் சொல்ல வேண்டும்: கிளி, மைனா, முனியா போன்ற நம் நாட்டுப் பறவைகளைக் கூண்டில் வைப்பது 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். நான் சட்டத்தோடு நிறுத்துவதில்லை. அந்தப் பிள்ளையையே மாலையில் கூட்டிப்போய்த் தாய் வந்து ஊட்டுவதைத் தூரத்திலிருந்து காட்டுவேன். அப்படிப் பார்த்த பிள்ளைகளில் சிலர்தான் இப்போது எங்கள் தெருவில் உண்டிவில்லைப் பிடுங்கி வைக்கிறவர்கள்.

நட்பு என்று நான் எதைச் சொல்கிறேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். எங்கள் தோட்டத்தில் ஒரு குண்டுக்கரிச்சான் இருக்கிறது. கறுப்பு வெள்ளை, நிமிர்த்திய வால், பங்குனி முதல் ஆனி வரை விடியுமுன்பே பாட்டு. நான் மண்வெட்டியை எடுத்தால் மதிலில் வந்து உட்காரும். கொத்த ஆரம்பித்தால் கீழே இறங்கும். புரட்டிய மண்ணில் மண்புழுவோ வெள்ளைப் புழுவோ தெரிந்தால் என் காலுக்கு இரண்டடியில் வந்து எடுத்துக்கொண்டு போகும். வீட்டில் வேறு யாராவது மண்வெட்டி பிடித்தால் அந்தத் தூரம் ஐந்தடியாகிறது. இது ஒரே நாளில் வந்த பழக்கம் அல்ல. தினமும் ஒரே நேரத்தில் தோட்டத்துக்குப் போவது, திடீரென்று கையைத் தூக்காதிருப்பது, நேராகக் கண்ணைப் பார்க்காமல் வேலையைப் பார்ப்பது, அது இறங்கியவுடன் திரும்பிப் பார்க்காதிருப்பது. தீனியைவிட இவைதான் அதை நெருங்க வைத்தன. முறைத்துப் பார்க்கிற இரண்டு கண்கள் என்றால் பறவைக்குப் பூனை, வல்லூறு என்றுதான் பொருள்.

புழுவைக் கையில் நீட்டினால் வாங்குமோ என்னவோ. நான் நீட்டுவதில்லை. கைக்கு வரப் பழகிய பறவை எல்லாக் கைக்கும் வரும், எல்லாக் கையும் ஒரே மாதிரி இருப்பதில்லை. என்னிடம் இரண்டடி, மற்றவர்களிடம் ஐந்தடி, தெரியாத ஆளைக் கண்டால் மதில் தாண்டி ஓட்டம் என்கிற அதன் கணக்கு சரியான கணக்கு. அதைக் கெடுக்காமல் இருப்பதும் நட்பில் சேர்ந்ததுதான் என்று நான் முழுமனதாக நம்புகிறேன்.

நாம் ஊருக்குப் போனால் பறவைகள் பட்டினி கிடக்குமோ என்று கவலைப்படுகிறவர்கள் உண்டு. கிடக்காது. அவற்றின் சாப்பாட்டில் நம் தட்டு ஒரு சிறு பங்குதான், அப்படி இருக்கும்வரைதான் நல்லது. கோடையில் தண்ணீருக்கு மட்டும் அக்கம்பக்கத்தில் சொல்லிவிட்டுப் போகிறோம். தீபாவளிக்கு எங்கள் வளவில் வெடி கிடையாது, மத்தாப்போடு சரி. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள், கண்மாயில் கூடு கட்டுகிற பறவைகளுக்காக ஒரு ஊராகவே வெடியை விட்டிருக்கிறார்கள். அவர்களை நினைத்தால் ஒரு வீடு செய்வது பெரிதல்ல.

2015 முதல் பொங்கல் விடுமுறையில் தமிழ்நாடு முழுவதும் பறவைக் கணக்கெடுப்பு நடக்கிறது. குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் இருந்து, கண்ட பறவைகளை எண்ணி இணையத்தில் பதிவு செய்தால் போதும், வீட்டுத் தோட்டமும் செல்லும். அத்தையும் நானும் ஆளுக்கொரு நாற்காலி போட்டு உட்காருவோம். கண் எனக்கு, காது அவருக்கு. குக்குறுவானின் டுக் டுக் ஓசையை முருங்கையில் முதலில் பிடித்தவர் அவர்தான். காய்ந்துபோன ஒரு முருங்கைக் கிளையைக் குடைந்து பொந்து வைத்திருந்தது. முருங்கையின் பட்ட கிளைகள் அதற்கு மிகவும் பிடிக்கும், மென்மையான மரம், சின்ன அலகுக்குத் தோதானது. அன்றிலிருந்து வீட்டின்மேல் விழாத எந்தப் பட்ட கிளையையும் நாங்கள் வெட்டுவதில்லை.

இப்போது மிச்சமிருப்பது அண்ணாச்சியின் மொட்டைத் தென்னை. இடி விழுந்து தலை கருகிப்போன மரம். அதில் மரங்கொத்தி ஒன்று பொந்து போட்டது. அது விட்டுப்போன பொந்தில் இந்தத் தை மாதம் பச்சைக்கிளி ஜோடி குடியேறியிருக்கிறது. அண்ணாச்சி மரத்தை வெட்டி விறகாக்க ஆள் பேசியிருந்தார். மதிலருகே நின்று பேசினேன்.

"அண்ணாச்சி, சித்திரை கழிகிறவரை விட்டுவிடுங்கள். உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கும்."

"விடுவதில் எனக்கு ஒன்றுமில்லை அம்மா. காற்றில் சாய்ந்து உங்கள் மதில்மேல் விழுந்தால் யார் பொறுப்பு?"

நியாயமான பேச்சு. மரத்துக்கும் மதிலுக்கும் பதினைந்து அடி இருக்கிறது, பொந்து ஏறத்தாழப் பத்தடியில் இருக்கிறது. கிளிகள் வெளியேறிய பிறகு பொந்துக்கு மேல் இரண்டு முழம் விட்டு மேல்பகுதியை மட்டும் வெட்டிவிட்டால், நிற்கிற கட்டை விழுந்தாலும் மதிலை எட்டாது. அண்ணாச்சி கயிறு கொண்டுவந்து அளந்து பார்த்தே ஒப்புக்கொண்டார். மேல்பகுதி அவருக்கு விறகு. அடுத்த வருடம் அந்தப் பொந்துக்கு மைனா வருமோ, புள்ளி ஆந்தை வருமோ, கிளிகளே திரும்புமோ. மரமேறுகிறவரை வைகாசியில் வரச் சொல்லியிருக்கிறோம், எந்த இடத்தில் அரிவாள் வைக்க வேண்டும் என்று அன்றைக்கு நான் பக்கத்தில் நின்று காட்ட வேண்டும்.